கீற்று மேகத்தின் கொந்தளிப்பை அளப்பது எப்படி? கண்ணில் தொடங்கிக் கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சென்னையில் தரையை ஒட்டி வீசுவது பெரும்பாலும் மேற்குக் காற்று. அதே நேரத்தில் தலைக்கு மேலே, 12 கிலோமீட்டருக்கும் அப்பால், கீற்று மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்காக விரைந்துகொண்டிருக்கும். வங்கக் கடல் மீது எழும் பெரிய இடிமேகங்கள் உச்சியில் பனிப்படிகங்களைப் பரப்பிவிடுகின்றன. அந்த உயரத்துக் கிழக்குக் காற்று அவற்றை இழுத்து வருகிறது. ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் மிக வேகமாக ஓடும் இந்தக் காற்றோட்டத்துக்கு வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று பெயர். இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1958இல் வெளியிட்ட கட்டுரைதான் இதை உலக வானிலையியலில் நிலைநிறுத்தியது. அதன் மையம் ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையிலேயே ஓடுகிறது. உயர்மட்டப் பனிமேகங்களைப் படிக்க இதைவிட வசதியான இடம் அதிகம் இல்லை.

இந்த மேகங்களைப் பற்றிய அறிக்கைகளில் வழக்கமாக ஒரு சராசரித் தடிமன், ஒரு சராசரி வெப்பநிலை, ஒரு சராசரிப் பனியளவு இருக்கும். எனக்கு அதில் நிறைவு இல்லை. கீற்று மேகத்தில் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பனியளவு பல மடங்கு மாறும். அந்த மாறுபாட்டை உண்டாக்குவது நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகமே உள்ள மேல்கீழ் அசைவுகள். சராசரியை முதலில் எடுத்துவிட்டால் இந்த அசைவுகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே மாறுபாட்டை முதலில் அளக்கின்றன, சராசரிக்குக் கடைசியில்தான் வருகின்றன.

முதல் நான்கு படிகளுக்கு ஒரு செல்போனும் விரிதாளும் போதும். பின்னால் வருபவற்றுக்குக் கல்லூரி அளவு இயற்பியலும் கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கமும் வேண்டும்.

படி 1: பனிமேகம்தான் என்று உறுதிசெய்யுங்கள்

சூரியனை ஒரு கம்பத்தாலோ கட்டட விளிம்பாலோ மறைத்துக்கொண்டு பாருங்கள். நேராகப் பார்க்கவே கூடாது. சூரியனைச் சுற்றி 22° ஆரத்தில் ஒரு வளையம் தெரிந்தால் மேலே இருப்பவை அறுகோணப் பனிப்படிகங்கள். கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20°. வளையம் தெரியாததால் மட்டும் பனிமேகம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். படிகங்கள் ஒழுங்கற்ற வடிவத்தில் இருந்தால் வளையம் உருவாகாது.

அடுத்து மேகத்தின் அமைப்பைப் பாருங்கள். சிறு தலையும் நீண்ட வாலுமாகக் கொக்கி போல் வளைந்திருந்தால், தலையில் படிகங்கள் பிறந்து வாலாக விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரே இடைவெளியில் இணைவரிகள் ஓடினால் அங்கே அலை இருக்கிறது. எந்த அமைப்பும் இல்லாத மெல்லிய திரையாக இருந்தால் கண்ணால் அறிய அதிகம் இல்லை, அன்றைக்குச் செயற்கைக்கோளிடம் போய்விடலாம்.

மேகம் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைச் சொல்லும் எண் ஒளித்தடிமன். அது 0.03க்குக் கீழே உள்ள பனிமேகம் கண்ணுக்குத் தெரியாது. 0.03 முதல் 0.3 வரை மெல்லியது. அதற்கு மேல் ஏறத்தாழ 3 வரை போனாலும் கீற்று மேகம் என்றே சொல்கிறோம். தெற்காசியாவில் 15, 16 கிலோமீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத வகை நிறையவே உண்டு, லேசர் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் லிடார் போன்ற கருவிகளே அதைக் காணும். ஆகவே கண் பார்வையில் சேர்க்கும் தரவு தொடக்கத்திலேயே தடித்த மேகங்களின் பக்கம் சாய்ந்திருக்கும். இதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

படி 2: பலூன் தரவை எடுத்து, மேகத்தின் உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ரேடியோசோண்டே பலூன் விடுகிறது. மேலேறும்போதே வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளந்து ரேடியோவில் அனுப்பும் கருவி அதில் இருக்கும். காரைக்காலிலும் திருவனந்தபுரத்திலும் நிலையங்கள் உண்டு. அளவீட்டின் நிலையான நேரங்கள் இந்திய நேரப்படி காலை 5:30, மாலை 5:30. வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நிலைய எண்ணைக் கொடுத்தால் தரவு இலவசமாகக் கிடைக்கும். சென்னைக்கு 43279, காரைக்காலுக்கு 43346, கொழும்புக்கு 43466. தரவு எல்லா நாளும் இருக்காது. இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, மாலை 5 முதல் 6 மணிக்குள் மேகத்தைப் பதிவுசெய்தால் இரண்டும் பொருந்தும்.

செல்போனை நேர் மேலே பார்க்கும்படி தரையில் வைத்து, 5 நொடிக்கு ஒரு படமாக எடுங்கள். உச்சிக்கு அருகில் ஒரு மேகத்தலை 10° தூரம் நகர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். நீட்டிய கையில் மூடிய முட்டியின் அகலம் சுமார் 10°. மேகம் 13 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போனால், 10°யைக் கடக்க ஏறத்தாழ 76 நொடி பிடிக்கும்.

இந்தக் கோண வேகம் மட்டும் உயரத்தைச் சொல்லாது. தாழ்வாக மெதுவாகப் போகும் மேகமும், உயரத்தில் வேகமாகப் போகும் மேகமும் ஒரே கோண வேகத்தைக் காட்டும். இங்கேதான் பலூன் உதவுகிறது. உயரத்துக்கு எதிராகக் காற்றின் வேகத்தை வரையுங்கள். அதே தாளில் ‘வேகம் = கோண வேகம் × உயரம்’ என்ற நேர்கோட்டையும் வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் மேகம் இருக்கிறது.

ஜெட் உள்ள நாளில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் வரும். ஓர் எடுத்துக்காட்டு: கிழக்குக் காற்று 10 கிலோமீட்டரில் நொடிக்கு 10 மீட்டர், 14.5 கிலோமீட்டரில் 32 மீட்டர், 17 கிலோமீட்டரில் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோண வேகம் நொடிக்கு 0.0018 ரேடியன் என்றால் நேர்கோடு அந்த மூன்று உயரங்களிலும் முறையே 18, 26, 30.6 என்று போகும். 10 கிலோமீட்டரில் கோடு காற்றுக்கு மேலே, 14.5இல் கீழே, 17இல் மறுபடியும் மேலே. ஆக, ஜெட் மையத்துக்குக் கீழே ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு.

இவற்றில் எது சரி என்பதை மேகத்தின் வால் சொல்லிவிடும். மையத்துக்குக் கீழே உள்ள தலையிலிருந்து விழும் படிகங்கள், போகப் போக வேகம் குறைந்த காற்றுக்குள் இறங்குகின்றன. அவை தலைக்குப் பின்தங்கி, வால் கிழக்கே நீளும். மையத்துக்கு மேலே உள்ள தலையிலிருந்து விழுபவை வேகம் கூடிய காற்றுக்குள் இறங்கித் தலையை முந்திக்கொண்டு மேற்கே ஓடும். தலை எந்தப் பக்கம் நகர்கிறது, வால் எந்தப் பக்கம் கிடக்கிறது என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். இதை உச்சிக்கு அருகில் உள்ள மேகங்களில் மட்டும் செய்யுங்கள். அடிவானப் பக்கம் போனால் பார்வைக் கோணம் வாலின் திசையைப் புரட்டிக் காட்டும்.

படி 3: வாலின் வளைவிலிருந்து படிகம் விழும் வேகத்தைக் கணக்கிடுங்கள்

காற்றின் வேகம் உயரத்தோடு ஒரே சீராக மாறினால், வாலின் வடிவம் ஒரு பரவளையம். 1953இல் ஜே. எஸ். மார்ஷல் இதை ரேடார் படங்களுக்காக எழுதிக்காட்டினார். வால் கிடைமட்டத்தில் நீளும் தூரம் = காற்று வெட்டு × விழுந்த உயரத்தின் வர்க்கம் ÷ விழும் வேகத்தின் இரு மடங்கு. காற்று வெட்டு என்பது ஒரு மீட்டர் உயரத்துக்குக் காற்றின் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது.

கிலோமீட்டருக்கு நொடிக்கு 5 மீட்டர் மாறுகிறது, படிகம் நொடிக்கு அரை மீட்டர் விழுகிறது, மொத்தம் 1 கிலோமீட்டர் விழுந்திருக்கிறது என்றால், வால் 5 கிலோமீட்டர் நீளும். அந்த இறக்கத்துக்கு 33 நிமிடம் ஆகியிருக்கும். ஆக, வாலின் நுனியில் நீங்கள் பார்ப்பது அரை மணி நேரத்துக்கு முன் தலையில் பிறந்த படிகங்கள். ஒரு வாலை மேலிருந்து கீழாகப் படிப்பது, அந்தத் தலையின் வரலாற்றைப் பின்னோக்கிப் படிப்பதுதான். வாலில் இடையிடையே அடர்த்தி கூடிக் குறைந்தால், தலையில் படிகம் பிறந்த வீதம் அந்த அரை மணியில் ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள்.

தரையிலிருந்து பார்க்கும்போது விழுந்த உயரத்தைப் பிரித்தறிவது கடினம். நீளத்தை ஓரளவு நம்பலாம். அதனால் பலூன் தரும் காற்று வெட்டையும் நீங்கள் அளந்த நீளத்தையும் வைத்து, விழுந்த உயரம் 500 மீட்டர் என்றால் எவ்வளவு வேகம், 1,000 என்றால் எவ்வளவு, 1,500 என்றால் எவ்வளவு என்று மூன்று விடைகளை எழுதுங்கள். ஒற்றை விடையை விட இந்த வரம்பு நேர்மையானது.

படி 4: கொந்தளிப்பு எழ வாய்ப்பு உண்டா? ரிச்சர்ட்சன் எண்ணைக் கேளுங்கள்

அடுக்கடுக்காக நிலைத்து நிற்கும் காற்றைக் கலைப்பது எளிதல்ல. கனமான காற்றை மேலே தூக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தருவது காற்று வெட்டு. நிலைத்தன்மையைக் காற்று வெட்டின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது ரிச்சர்ட்சன் எண். அது 0.25க்கு மேல் எல்லா இடத்திலும் இருந்தால் காற்று அடுக்கு வெட்டினால் தானாகக் கவிழாது என்பதை மைல்ஸும் ஹோவர்டும் 1961இல் நிறுவினார்கள். 0.25க்குக் கீழே போனால் கவிழ வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. ஒருமுறை தொடங்கிய கொந்தளிப்பு, எண் 1ஐ நெருங்கும் வரைகூட நீடிக்கலாம்.

கணக்கைச் செய்து பார்ப்போம். முதலில் பொட்டென்ஷியல் வெப்பநிலை, அதாவது அந்தக் காற்றை 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்கு இறக்கினால் அது அடையும் வெப்பநிலை: கெல்வினில் வெப்பநிலையை, (1000 ÷ அழுத்தம்) என்பதன் 0.286 அடுக்கால் பெருக்குங்கள். 200 ஹெக்டோபாஸ்கலில், ஏறத்தாழ 12.4 கிலோமீட்டர் உயரத்தில், 220 கெல்வின் இருந்தால் விடை 348 கெல்வினை ஒட்டி வரும். 12 கிலோமீட்டருக்கும் 12.5 கிலோமீட்டருக்கும் இடையே இது 1.5 கெல்வின் கூடுகிறது என்று கொள்வோம். நிலைத்தன்மை = புவியீர்ப்பு முடுக்கம் ÷ பொட்டென்ஷியல் வெப்பநிலை × ஒரு மீட்டருக்கு அது கூடும் அளவு = 9.8 ÷ 348 × 0.003, அதாவது 8.5 × 10⁻⁵. அதே 500 மீட்டரில் காற்று நொடிக்கு 22 மீட்டரிலிருந்து 32 மீட்டராகிறது. காற்று வெட்டு 0.02, அதன் வர்க்கம் 4 × 10⁻⁴. வகுத்தால் 0.21. கொந்தளிப்பு எழலாம்.

இப்போது அதே 10 மீட்டர் வேக மாற்றம் 500 மீட்டரில் அல்ல, 1 கிலோமீட்டரில் பரவியிருப்பதாக வைத்துச் செய்யுங்கள். விடை 0.85. ஆபத்தில்லை என்று முடிவெடுத்துவிடுவீர்கள்! பழைய பலூன் அறிக்கைகள் 200, 150, 100 ஹெக்டோபாஸ்கல் போன்ற நிலையான மட்டங்களில் மட்டும் தரவு தரும். அவற்றுக்கு இடையே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் இடைவெளி. அந்தத் தரவில் ரிச்சர்ட்சன் எண் எப்போதும் பெரிதாகவே வரும். நூறு மீட்டர் தடிமனுள்ள கொந்தளிப்பு அடுக்கு ஒன்று அதற்குள் ஒளிந்திருந்தாலும் தெரியாது. கிடைக்கும் மிக நுண்ணிய தரவையே பயன்படுத்துங்கள், எந்த இடைவெளியில் கணக்கிட்டீர்கள் என்பதை விடையின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

காற்று வெட்டு இல்லாமலும் கொந்தளிப்பு வரும். தடித்த பனிமேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து வரும் வெப்பக் கதிரை உறிஞ்சிச் சூடாகிறது, உச்சி விண்வெளிக்கு வெப்பத்தை இழந்து குளிர்கிறது. நடுவே உள்ள காற்று நிலைத்தன்மை இழந்து குமிழத் தொடங்குகிறது. இதைப் பலூன் தரவில் காண்பது எளிது: மேகத்துக்குள் பொட்டென்ஷியல் வெப்பநிலை உயரத்தோடு கூடாமல் நின்றுவிடும். பலூனின் ஈரப்பத எண்ணை மட்டும் இந்தக் குளிரில் அதிகம் நம்ப வேண்டாம். −50° செல்சியசுக்குக் கீழே பல உணரிகள் மந்தமாகிவிடுகின்றன.

படி 5: நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அளவீடு எதுவும் இல்லை. ஆனால் இதைத் தாண்டிப் போனால் மற்றவை வெறும் எண்களாகிவிடும்.

ஏறத்தாழ −38° செல்சியசுக்குக் கீழே, தூசியின் உதவி இல்லாமலேயே நுண்துளிகள் உறைய முடியும். ஆனால் அதற்குப் பனியைப் பொறுத்த ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டி, 140 முதல் 150 சதவீதத்தை ஒட்டி உயர வேண்டும். காற்று மேலெழுந்து குளிரும்போது ஈரப்பதம் ஏறுகிறது. பிறந்த படிகங்களோ நீராவியைத் தின்று அதை இறக்குகின்றன. இந்த ஓட்டப்பந்தயத்தில் குளிர்ச்சி எவ்வளவு வேகமோ, அவ்வளவு அதிகமான படிகங்கள் பிறந்த பிறகுதான் ஈரப்பதம் இறங்கும். கோட்பாட்டின்படி படிக எண்ணிக்கை மேலெழும் வேகத்தின் 1.5 அடுக்கை ஒட்டி ஏறுகிறது. வேகம் 10 மடங்கானால் படிகம் சுமார் 32 மடங்கு.

நொடிக்கு 1 சென்டிமீட்டர் எழும் காற்று மணிக்கு 0.35 கெல்வின் குளிரும். 10 சென்டிமீட்டர் எழுந்தால் மணிக்கு 3.5 கெல்வின். பெரிய வானிலை அமைப்புகள் தருவது சில சென்டிமீட்டர் மட்டுமே. மீதியைத் தருபவை மிதப்பு அலைகள், அதாவது இடிமேகங்களும் மலைகளும் காற்றடுக்கைத் தட்டிவிட, அது மேலும் கீழும் ஊசலாடுவது. அந்த அலை ஒரு கெல்வின் வெப்பநிலை மாற்றத்தை உண்டாக்கினால், 220 கெல்வினில் பனி ஈரப்பதம் ஏறக்குறைய 13 சதவீதம் மாறும், 195 கெல்வினில் 16 சதவீதம். மேகம் பிறப்பதா, பிறக்காமலே போவதா என்பதைத் தீர்மானிக்க அது போதும்.

அலையும் கொந்தளிப்பும் வேறு வேறு வேலை செய்கின்றன. அலை காற்றைத் தூக்கி இறக்கிப் படிகங்களைப் பிறப்பிக்கிறது, ஆனால் கலப்பதில்லை. கொந்தளிப்பு பிறந்தவற்றைக் கலக்கிறது, மேகத்தின் விளிம்பில் வறண்ட காற்றை உள்ளே இழுக்கிறது. தரவில் இரண்டும் ‘மேல்கீழ் வேகத்தின் ஏற்ற இறக்கம்’ என்ற ஒரே உருவில் வரும். பின்னால் வரும் படிகளில் பாதி உழைப்பு இவற்றைப் பிரிப்பதற்கே செலவாகும்.

படி 6: செயற்கைக்கோள் படத்தில் பரப்பைப் பாருங்கள்

இன்சாட்-3டி, 3டிஆர், 3டிஎஸ் செயற்கைக்கோள்களின் படங்கள் அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்தில் கிடைக்கும். ஏறத்தாழ 11 மைக்ரான், 12 மைக்ரான் என்ற இரண்டு வெப்ப அகச்சிவப்புப் பட்டைகளை எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். பனி 12 மைக்ரானை 11ஐ விட அதிகம் உறிஞ்சும். அதனால் மெல்லிய கீற்று மேகத்தில் வித்தியாசம் சில கெல்வின் இருக்கும், தடித்த மேகத்தில் பூச்சியத்தை நெருங்கும். ஒற்றைப் பட்டையில் கண்ணுக்குப் படாத திரை இந்தக் கழித்தலில் வெளிப்படும்.

இரண்டு எச்சரிக்கைகள். அகச்சிவப்பில் ஒரு படப்புள்ளி 4 கிலோமீட்டர், கொக்கி மேகத்தின் தலையோ சுமார் 1 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு புள்ளியும் ஏற்கெனவே ஒரு சராசரி. அடுத்து, செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேல் நின்று பார்ப்பதால், சென்னைக்கு மேலே 14 கிலோமீட்டரில் உள்ள மேகம் படத்தில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வடக்கே தள்ளித் தெரியும். செல்போன் படத்தோடு ஒப்பிடும்போது ஒரு புள்ளி நகர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னும் நுண்மையாக வேண்டுமானால் நாசாவின் மோடிஸ் கருவியின் 1.38 மைக்ரான் பட்டையைப் பாருங்கள். அந்த அலைநீளத்தில் கீழ்மட்ட நீராவி தரையை முழுதும் மறைத்துவிடும், உயர்ந்த மேகம் மட்டும் இருண்ட பின்னணியில் பளிச்சென்று நிற்கும். தென்னிந்தியாவின் ஈரக்காற்றில் இந்தப் பட்டை மிக நன்றாக வேலை செய்கிறது. புள்ளி அளவு 1 கிலோமீட்டர். கீற்று மேகத்தைப் படிப்பவர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

செங்குத்து வெட்டுமுகத்துக்கு 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்ஸோ செயற்கைக்கோளின் லிடார் தரவுச் சேமிப்பு இருக்கிறது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள், விண்வெளியிலிருந்து டாப்ளர் முறையில் மேகத் துகள்களின் மேல்கீழ் வேகத்தை அளக்கும் முதல் ரேடாரைச் சுமந்து செல்கிறது.

படி 7: ரேடாரின் வேகத்தை இரண்டாகப் பிரியுங்கள்

திருப்பதிக்கு அருகில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் 1,024 யாகி ஆன்டெனாக்களைக் கொண்டது. அதன் அலைநீளம் 5.7 மீட்டரை ஒட்டியது. அதில் பாதி, ஏறத்தாழ 3 மீட்டர் அளவுள்ள காற்றுச் சிதறல்களிலிருந்து அது எதிரொலி பெறுகிறது. அதாவது மேகத்தை அல்ல, காற்றையே பார்க்கிறது. அங்கேயே லிடாரும் இயங்கிவருவதால் ஒரே இடத்தில் மேகமும் அதைச் சுமக்கும் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. உலகில் மிகச் சில இடங்களுக்கே இந்த வாய்ப்பு உண்டு.

35 அல்லது 94 கிகாஹெர்ட்ஸ் மேக ரேடார் தரும் டாப்ளர் வேகம் அப்படியல்ல. காற்று எழும் வேகமும் படிகம் விழும் வேகமும் அதில் கலந்திருக்கும். பிரிக்க ஒரு நல்ல வழி: எதிரொலியின் வலிமைப்படி எல்லா அளவீடுகளையும் தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பல மணி நேரச் சராசரி எடுத்தால் காற்றின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும், மிஞ்சுவது அந்த வலிமைக்குரிய விழும் வேகம். அதை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்தால் கிடைப்பது காற்றின் அசைவு. நீண்ட நேரத்தில் காற்று சராசரியாக எழவும் இல்லை, இறங்கவும் இல்லை என்ற அனுமானம் இதில் உள்ளது. புயல் அருகில் உள்ள நாளில் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள்.

எவ்வளவு நேரத் துண்டாக வெட்டுவது? நொடிக்கு 30 மீட்டர் காற்றில் 1 கிலோமீட்டர் தலை 33 நொடியில் கடந்துவிடும். 5 நிமிடச் சராசரி என்றால் 9 கிலோமீட்டரைக் குழைத்துவிட்டீர்கள். பல தரவுத் தொகுப்புகள் வசதிக்காக நிமிடச் சராசரியாகவே கிடைக்கின்றன. மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள்.

படி 8: விமானத் தரவிலிருந்து கொந்தளிப்பின் வலிமையைக் கணக்கிடுங்கள்

கீற்று மேகத்துக்குள் பறந்து அளந்த ஆய்வுகள் பல உண்டு: 1986இலும் 1991இலும் அமெரிக்காவில் ஃபயர், 2002இல் ஃப்ளோரிடாவில் கிரிஸ்டல்-ஃபேஸ், 2014இல் ஜெர்மனியின் ஹாலோ விமானத்தில் எம்எல்-சிரஸ், 2017இல் நேபாளத்திலிருந்து ஆசியப் பருவமழையின் உச்சியைத் தொட்ட ஸ்ட்ராட்டோகிளிம். நாசா ஆய்வுகளின் தரவு இணையத்தில் திறந்தே இருக்கிறது.

விமானம் நொடிக்கு 200 மீட்டர் பறந்து, நொடிக்கு 25 முறை காற்றை அளந்தால், புள்ளிக்குப் புள்ளி 8 மீட்டர். 16 மீட்டரை விடச் சிறிய அலை எதுவும் இதில் தெரியாது. இப்போது பறக்கும் திசையிலான காற்று வேகத்தை எடுத்து, 50 மீட்டர் இடைவெளியில் உள்ள ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் வித்தியாசத்தைக் கண்டு, வர்க்கமாக்கி, சராசரி எடுங்கள். கோல்மகோரோவ் 1941இல் தந்த விதிப்படி இந்த எண், ஆற்றல் சிதையும் வீதத்தின் (சுழல்களின் ஆற்றல் வெப்பமாக மாறும் வேகத்தின்) 2/3 அடுக்கையும் இடைவெளியின் 2/3 அடுக்கையும் பெருக்கி, மேலும் 2ஆல் பெருக்கியதற்குச் சமம். விடை 0.0126 என்று வந்தால்: 2ஆல் வகுத்து, 1.5 அடுக்குக்கு உயர்த்தி, 50ஆல் வகுங்கள். சிதைவு வீதம் 10⁻⁵, அலகு நொடி மும்மடிக்கு மீட்டர் வர்க்கம்.

விமானிகள் பயன்படுத்தும் அளவுகோல் இதன் கனமூலம், இங்கே 0.02. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இன்றைய வரையறையில் லேசான கொந்தளிப்பே 0.10இல்தான் தொடங்குகிறது. பயணி கையில் உள்ள காபி அசையவே அசையாது. ஆனாலும் 50 மீட்டர் இடைவெளியில் நொடிக்கு 11 சென்டிமீட்டர் வித்தியாசம் அங்கே இருக்கிறது. படி 5இல் பார்த்த கணக்கில் மேகத்துக்கு அது பெரிய அளவு.

விடை கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். கோல்மகோரோவ் விதி, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுழலும் கொந்தளிப்புக்கு மட்டுமே பொருந்தும். நிலைத்த காற்றில் பெரிய சுழல்களை மிதப்பு விசை தட்டையாக்கிவிடும். எந்த அளவுக்குக் கீழே சுழல்கள் விடுதலை பெறுகின்றன என்பதைச் சொல்வது ஆஸ்மிடோவ் நீளம்: சிதைவு வீதத்தை மிதப்பு அதிர்வெண்ணின் மும்மடியால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். மிதப்பு அதிர்வெண் என்பது படி 4இல் கண்ட நிலைத்தன்மையின் வர்க்கமூலம். அங்கே வந்த 8.5 × 10⁻⁵ஐப் போட்டால் ஆஸ்மிடோவ் நீளம் 3.6 மீட்டர் மட்டுமே. உங்கள் 50 மீட்டர் கணக்கு அங்கே செல்லாது, விமானத்தின் 8 மீட்டர் இடைவெளியே பெரிது. கதிர்வீச்சால் கலங்கி நிலைத்தன்மை 10⁻⁶ ஆகக் குறைந்த அடுக்கில் அதே சிதைவு வீதத்துக்கு 100 மீட்டர் வரும். அங்கே கணக்கு செல்லும். ஒரே எண், ஒரு மேகத்துக்குள் 300 மீட்டர் ஏறி இறங்கினால் பொருளே மாறிவிடுகிறது.

காற்றசைவின் ஆற்றலை அலை எண்ணுக்கு எதிராக மடக்கை அளவில் வரைந்தால் கோல்மகோரோவ் விதி −5/3 சரிவாகத் தெரியும். அந்தச் சரிவைக் கண்டவுடன் அதைக் கொந்தளிப்பு என்று அறிவிப்பதும் இதே தவறுதான். நாஸ்ட்ரோமும் கேஜும் 1985இல் ஆயிரக்கணக்கான பயணிகள் விமானப் பயணங்களின் தரவை வைத்துக் காட்டியது என்ன? சில கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை அதே −5/3 சரிவு வருகிறது. வானிலை நடக்கும் காற்று மண்டலமே பதினேழு கிலோமீட்டர்தான், அதற்குள் நூறு கிலோமீட்டர் உருண்டைச் சுழல் இருக்க முடியாது. சரிவு மட்டும் சான்றாகாது. பறக்கும் திசைக்குக் குறுக்கேயும் செங்குத்தாகவும் உள்ள வேகங்களுக்கும் இதே கணக்கைச் செய்யுங்கள். உண்மையான முப்பரிமாணக் கொந்தளிப்பில் அவை பறக்கும் திசை விடையைப் போல 4/3 மடங்கு வர வேண்டும். செங்குத்து விடை அதைவிட மிகக் குறைவாக வந்தால் நீங்கள் பார்ப்பது அலையையும் தட்டையான சுழலையும்தான்.

படிக எண்ணிக்கையைத் தொடும் முன் இன்னொரு சோதனை. பெரிய படிகங்கள் கருவியின் நுனியில் மோதிச் சிதறி, இல்லாத சிறு படிகங்களை உண்டாக்கும். 2009இல் கனடாவில் கோரோலெவும் குழுவினரும் மாற்றியமைத்த நுனிகளோடு பறந்து இதை உறுதிப்படுத்தினார்கள். அதற்கு முந்தைய தரவுகளில் சிறு படிக எண்ணிக்கை மிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிதறலால் வந்தவை கொத்தாக, மிகக் குறுகிய இடைவெளியில் பதிவாகும் என்பதால், வருகை இடைவெளியை வைத்து ஓரளவு வடிகட்டலாம். பழைய தரவில் ‘கொந்தளிப்பு கூடிய இடத்தில் சிறு படிகம் கூடுகிறது’ என்ற முடிவு கிடைத்தால், முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்.

படி 9: இப்போது சராசரி எடுக்கலாம், பரவலோடு சேர்த்து

பறப்புப் பாதையை 1 கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சிதைவு வீதம், பனியளவு இரண்டையும் கணக்கிட்டு, மடக்கை அளவில் பரவல் வரைபடம் போடுங்கள். பெரும்பாலான துண்டுகள் அமைதியாகவும் மிகச் சில துண்டுகள் பல்லாயிரம் மடங்கு வலிமையாகவும் இருப்பதைக் காண்பீர்கள். சராசரியை அந்தச் சில துண்டுகளே நிர்ணயிக்கும். ஆகவே இடைநிலை அளவையும் 90ஆவது சதமானத்தையும் கட்டாயம் கொடுங்கள்.

பனியளவில் இந்தப் பரவல் ஏன் தட்பவெப்ப மாதிரிகளைப் பாதிக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. வானத்தின் பாதியில் அகச்சிவப்பு உறிஞ்சல் தடிமன் 0.2, மீதிப் பாதியில் 2. மெல்லிய பாதி தனக்குக் கீழிருந்து வரும் வெப்பக் கதிரில் 18 சதவீதத்தைத் தடுக்கும், தடித்த பாதி 86 சதவீதத்தை. இரண்டின் சராசரி 52. இப்போது தடிமனை முதலில் சராசரியாக்குங்கள்: 1.1. அது 67 சதவீதத்தைத் தடுக்கும். பனியின் மொத்த அளவு மாறவே இல்லை, ஆனால் மேகம் பிடித்துவைக்கும் வெப்பம் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. நூறு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரே பனியளவு வைக்கும் மாதிரிகள், கட்டத்துக்குள் இருக்கும் பரவலையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பிழையைச் சுமக்கும்.

கடைசியாக, மாறுபாடு எந்த அளவில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம். பனியளவின் மடக்கையை 1, 3, 10, 30, 100 கிலோமீட்டர் சாளரங்களில் சராசரியாக்கி, ஒவ்வொரு முறையும் திட்டவிலக்கத்தைக் குறியுங்கள். 1 கிலோமீட்டருக்கும் 3க்கும் இடையே செங்குத்தாகச் சரிந்தால், மாறுபாடு படிகம் பிறக்கும் தலைகளிடமும் கொந்தளிப்பிடமும் இருக்கிறது. 30 வரை ஏறக்குறைய சமமாகப் போய்ப் பிறகு சரிந்தால், அலையும் இடிமேகத்தின் விரிப்பும் ஆள்கின்றன. இதே வரைபடத்தை மோடிஸ் 1.38 மைக்ரான் பட்டையின் பிரதிபலிப்பை வைத்தும் போடலாம், விமானம் தேவையில்லை. முதன்முறை செய்பவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்: ஆகஸ்டில் ஜெட் வலுவாக உள்ள ஒரு நாள், ஜனவரியில் கீற்று மேகம் உள்ள ஒரு நாள், இரண்டுக்கும் சென்னைப் பலூன் தரவு, ஒரே அச்சில் இரண்டு வளைவுகள்.